பூஸ்ட் போடுவதற்கு முன் கொமெண்ட்களை வாசியுங்கள்: சிறு வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் சின்னக் கடைகளுக்கு முகநூல், வட்ஸ்அப் வேலை செய்துகொடுத்து பத்து வருடமாகிறது. நேற்றிரவு வரை வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பூஸ்ட் என்றால் முகநூலுக்குக் காசு கட்டி ஒரு போஸ்டைக் கூடுதல் ஆட்களுக்குக் காட்டுவது. வரி, வங்கிக் கடன் பற்றிக் கேட்டவர்கள் கணக்காளரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

ஆரையம்பதி, கேக் செய்பவர்: அக்கா, 5,000 ரூபாய்க்கு பூஸ்ட் போட்டேன். நூற்றுக்கு மேல் மெசேஜ் வந்தது. ஒரு ஓடர்கூட இல்லை. ஏன்?

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்தேன். இடத்தை ‘இலங்கை’ என்றே விட்டிருக்கிறீர்கள். குருநாகலில் இருந்து கேட்கிறவருக்கு கிறீம் கேக்கை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? ஆரையம்பதியை நடுவில் வைத்து, உங்கள் மோட்டார் சைக்கிள் போகிற தூரத்துக்கு மட்டும் அங்குள்ள வரைபடத்தில் வட்டம் போடுங்கள்.

ஆனால் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். அவை காசு கொடுத்து வாங்கியவை. ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டு எண்ணுங்கள். விலை மட்டும் கேட்டவர் எத்தனை பேர்? வீட்டுக்குக் கொண்டுவருவீர்களா என்று கேட்டவர் எத்தனை பேர்? நீங்கள் அனுப்பிய ஒரு படத்திலேயே ஏழு பேர் முட்டையில்லாத கேக் கேட்டிருக்கிறார்கள், அதில் நான்கு பேர் நம்முடைய ஊர்ப் பக்கம். அந்த நான்கு பேருக்கும் நீங்கள் “இல்லை” என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. சந்தை ஆய்வு என்று பெரிய கம்பெனிகள் காசைக் கொட்டித் தேடுவது இதைத்தான். முட்டையில்லாமல் ஒன்று செய்து பாருங்கள், அடுத்த போஸ்ட் அதைப் பற்றியே இருக்கட்டும்.

தெரிந்தவர்களிடம் மட்டும் ருசி கேட்காதீர்கள். மாமி ஒருநாளும் “சரியில்லை” என்று சொல்ல மாட்டா.

வாழைச்சேனை, தளபாடக் கடை: பக்கத்துக் கடைக்காரர் விடாமல் விளம்பரம் போடுகிறார். அவருக்குப் பலன் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

முகநூலை நடத்துகிற மெட்டா கம்பெனியின் விளம்பர நூலகத்தை (Ad Library) இணையத்தில் திறவுங்கள். 2019இல் இருந்து இருக்கிறது, இலவசம், முகநூல் கணக்குகூடத் தேவையில்லை. நாட்டைத் தெரிவுசெய்து அந்தக் கடையின் பெயரைத் தட்டினால், இப்போது ஓடுகிற விளம்பரங்களும் அவை தொடங்கிய திகதியும் வரும். செலவை அங்கே பார்க்க முடியாது, அரசியல், சமூக விவகார விளம்பரங்களுக்குத்தான் அதைக் காட்டுவார்கள். ஆனால் ஒரே விளம்பரம் மூன்று மாதமாக ஓடினால் அவருக்கு ஏதோ வருகிறது என்று எடுக்கலாம். பிறகு அவருடைய பக்கத்துக் கொமெண்ட்களை வாசியுங்கள். “சொன்ன நாளில் வரவில்லை” என்று நாலு பேர் எழுதியிருந்தால், நீங்கள் எதை வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஏறாவூர், தையல்: எவ்வளவு காசுக்கு பூஸ்ட் போட வேண்டும்?

முதலில் ஒரு சதமும் வேண்டாம். பத்து போஸ்ட் சும்மா போடுங்கள். அதில் காசு கட்டாமலே நிறையப் பேர் பார்க்கிற ஒன்றுக்குச் சின்னத் தொகை போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் விலை இருக்கட்டும்.

மருதமுனை, கைத்தறி: தங்கச்சி, விலை போடு, விலை போடு என்று எப்போதும் சொல்கிறீர்கள். சேலைக்கு விலை போட்டால் “இதென்ன இவ்வளவு” என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். போட்டிக்காரரும் பார்த்துவிட்டுக் குறைத்து விற்கிறார். ‘விலைக்கு இன்பொக்ஸ் வாங்க’ என்பதுதான் எங்களுக்குச் சரி.

நானா, உங்கள் வருத்தம் விளங்குகிறது. இருந்தாலும் நான் விட மாட்டேன். போட்டிக்காரர் உங்கள் விலையை அறிய வேண்டுமென்றால் வேறு பெயரில் இன்பொக்ஸில் கேட்பார். மறைத்தால் கஷ்டப்படுவது வாங்க வந்தவர்தான். இரவு பத்து மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஒரு பெண் சேலை பார்க்கிறா. விலை இல்லை. கேட்டால் பதில் காலையில் வரும். அதற்குள் அவ வேறு பக்கம் போயிருப்பா.

“இதென்ன இவ்வளவு” என்ற கொமெண்டுக்குக் கோபப்படாதீர்கள். மில் துணியோடு ஒப்பிடுகிறவர் உங்கள் சேலையைப் பார்த்திருக்கிறார் என்பதை அது சொல்கிறது. தறி எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் இருபத்தெட்டுப் படம் பார்த்தேன், எல்லாமே மடித்து வைத்த சேலை. ஒரு கைகூட இல்லை. தறியில் நூல் அறும்போது, நெய்கிறவர் நிறுத்தி, இரண்டு நுனியையும் விரலில் எடுத்து முறுக்கி ஒட்டுகிறாரே, அந்த அரை நிமிடத்தை எடுத்துப் போடுங்கள். கீழே எத்தனை நாள் வேலை என்று எழுதுங்கள், பிறகு விலையை எழுதுங்கள்.

கல்லடி, மீன்: நானா சொல்வது சரிதான் மிஸ். எங்களுக்கு விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நேற்றுப் போட்ட விலைக்கு இன்று வாவி நண்டு தா என்று சண்டைக்கு வருகிறார்கள்.

இது நியாயம், இந்த இடத்தில் என் பேச்சை மாற்றுகிறேன். தினம் மாறுகிற விலையைப் பக்கத்தில் நிரந்தரமாகப் போட வேண்டாம். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், 24 மணித்தியாலத்தில் தானாகப் போய்விடும். திகதியும் எழுதுங்கள். யார் யார் பார்த்தார்கள் என்றும் தெரியும். தினம் பார்த்துவிட்டு வாங்காமல் இருக்கிறவரிடம் “என்ன மீன் வேண்டும்?” என்று ஒருநாள் கேளுங்கள்.

மருதமுனை, திரும்பவும்: அப்படியென்றால் நூல் விலையும்தான் மாறுகிறது.

தினம் மாறுவதில்லை நானா. மாறுகிற அன்று போஸ்டைத் திருத்துங்கள்.

ஓட்டமாவடி: பூஸ்ட் எவ்வளவு?

ஏறாவூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

பொத்துவில், தங்குமிடம்: வெளிநாட்டவரை எப்படிப் பிடிப்பது?

அறுகம்பே சீசன் ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை. அவர்கள் அதற்கு எவ்வளவு காலத்துக்கு முன்பே தேடத் தொடங்குகிறார்கள் என்பதை, ஒரு சொல்லை ஆட்கள் எப்போது கூடுதலாகத் தேடுகிறார்கள் என்று காட்டுகிற கூகுள் ட்ரெண்ட்ஸில் நாடு நாடாகப் பாருங்கள். அது எண்ணிக்கை காட்டாது, 0 முதல் 100 வரையான ஏற்ற இறக்கம்தான். அப்புறம் மற்ற விடுதிகளுக்கு வந்த மூன்று நட்சத்திர விமர்சனங்களை வாசியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர் புகழ்வார், ஒரு நட்சத்திரக்காரர் கோபத்தில் இருப்பார். மூன்று கொடுத்தவர்தான் தண்ணீர் வரவில்லை, நுளம்பு வலை கிழிந்திருந்தது என்று விபரமாக எழுதுவார்.

காத்தான்குடி: பத்தாயிரம் போன் நம்பர் விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அந்த ஆட்கள் உங்களைக் கேட்கவில்லை. அவர்கள் முறைப்பாடு செய்தால் உங்கள் வட்ஸ்அப் நம்பரே முடக்கப்படும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் சட்டமும் வந்திருக்கிறது.

களுவாஞ்சிக்குடி: முகநூல் பக்கமே போதும்தானே? கடைக்கு வேறு என்ன தேவை?

போதாது. 2018 மார்ச்சில், அம்பாறையிலும் பிறகு திகனவிலும் நடந்த கலவரங்களையடுத்து, முகநூல், வட்ஸ்அப் எல்லாம் ஒரு வாரம் அளவில் நிறுத்தப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலிலும் ஒரு நாள் அளவுக்கு நின்றது. 2018இல் எனக்குத் தெரிந்த ஒரு தயிர்க் கடைக்காரரிடம் வாடிக்கையாளர் ஒருவருடைய நம்பரும் தனியாக இல்லை. எல்லாம் இன்பொக்ஸுக்குள்ளே. சட்டிகள் வரிசையாக இருந்தன, கூப்பிட ஆள் இல்லை.

வாங்குகிறவரிடம் கேட்டு நம்பரைக் கொப்பியில் எழுதுங்கள். அவரையும் உங்கள் நம்பரை சேவ் பண்ணச் சொல்லுங்கள், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வட்ஸ்அப் ப்ரோட்காஸ்ட் அப்படிச் செய்தவருக்குத்தான் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். கொப்பியைக் கடையில் வைக்காதீர்கள், வெள்ளம் வந்தால் நனையும். வீட்டில் உயரத்தில் வையுங்கள்.