மருத்துவராக இல்லாமல் பொது சுகாதாரத்தில் முனைவர் ஆகலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு செவிலியர். பொது சுகாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு, எட்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை. மருத்துவம் படிக்காதவர்களுக்கு இடம் கிடைக்காது என்கிறார்கள். புள்ளியியல் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு பல்கலைக்கழகம் கேட்பதை இன்னொன்று கேட்பதில்லை. உண்மையில் என்னதான் தேவை? வேலையை விடாமல் படிக்க முடியுமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

மருத்துவப் பட்டம் தேவையில்லை. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள். புள்ளியியல், சமூகவியல், பொருளாதாரம், ஊட்டச்சத்து, செவிலியம் என்று பல துறைகளிலிருந்து வந்தவர்கள் இதில் முனைவர் ஆகியிருக்கிறார்கள். தாய்மார்களோடு நேரில் பேசிப் பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நிபந்தனைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவதற்கு முக்கியக் காரணம், இங்கே இரண்டு பட்டங்கள் இருப்பதுதான். ஒன்று பிஎச்.டி. மற்றது டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த், சுருக்கமாக டிஆர்பிஎச். ஆராய்ச்சியும் கற்பித்தலுமே வாழ்க்கை என்று இருப்பவர்களுக்கு முதலாவது. திட்டங்களை நடத்துகிறவர்கள், கொள்கை வகுக்கிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து உருவானது இரண்டாவது. அதனால் டிஆர்பிஎச்சுக்குப் பெரும்பாலும் முதுகலையோடு சில ஆண்டு பணி அனுபவமும் கேட்பார்கள். பிஎச்.டி.க்கு அமெரிக்காவில் இளங்கலை முடித்தவர்களையே நேரடியாக எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு; வகுப்புகள் அதிகம் இருக்கும். பிரிட்டன் முறையில் வகுப்புகள் குறைவு. ஆரம்பத்திலேயே ஆய்வுதான் என்பதால், பெரும்பாலும் விண்ணப்பிக்கும்போதே ஆய்வு முன்வரைவு கையில் இருக்க வேண்டும், ஒரு நெறியாளரும் சம்மதித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பொது சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் பெயர் சுருக்கமாக செஃப். டிஆர்பிஎச் மாணவரிடம் இருக்க வேண்டிய அடிப்படைத் திறன்களாக அது 20 திறன்களை வகுத்திருக்கிறது. தரவுப் பகுப்பாய்வு அதில் ஒரு பகுதிதான். தலைமை, நிர்வாகம், கொள்கை, பிறருக்குப் பயிற்சி தருவது எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஒரு நிறுவனத்துக்கு உண்மையிலேயே பயன்படும் களப்பணி ஒன்றையும் செய்து காட்ட வேண்டும். அதை உங்கள் அலுவலகத்திலேயே செய்யலாம், ஆனால் அன்றாட வேலைக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். பகுதிநேரமாகப் படிக்கவும் பல இடங்களில் வழி இருக்கிறது. உங்களுக்கு டிஆர்பிஎச்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: பிஎச்.டி.க்குக் கிடைப்பதுபோல் இதற்கு உதவித்தொகை எளிதில் கிடைப்பதில்லை.

எந்தப் பட்டமானாலும், நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் தொற்றுநோயியலும், உடல்நலத் தரவுகளுக்கான புள்ளியியலான உயிரிப்புள்ளியியலும் உண்டு. சூத்திரம் போடுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். உங்களைச் சோதிப்பது வேறு. காபி குடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று ஓர் அட்டவணை காட்டுகிறது என்று வையுங்கள். காபி குடிப்பவர்களில் புகைப்பவர்கள் அதிகமா என்று உடனே கேட்கத் தோன்ற வேண்டும். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் பாதிப் பாடம் வந்த மாதிரி. ஆய்வைத் தொடங்கும் முன் வைக்கும் தகுதித் தேர்விலும் இந்தப் பார்வையைத்தான் தேடுவார்கள்.

அப்புறம், ஆய்வுக் கேள்வி. இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 'தடுப்பூசியை மக்கள் ஏன் தவிர்க்கிறார்கள்' என்று எழுதினால் எந்தக் குழுவும் திருப்பி அனுப்பிவிடும். அது ஒரு வாழ்நாள் வேலை. உங்கள் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஆறாவது வாரம் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை போட்டிருப்பார்கள், பதினான்காவது வாரம் மூன்றாவது தவணைக் கட்டம் காலியாக இருக்கும். முதல் தவணைக்கு வந்த தாய் ஊசியை எதிர்ப்பவர் இல்லை. பிறகு ஏன் வரவில்லை? குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயந்துவிட்டாரா, வேலைக்குத் திரும்பிவிட்டாரா, வந்த அன்று மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களா? மூன்று தவணையும் முடித்தவர்களோடு இவர்களை ஒப்பிடலாம். இது முடிக்கக்கூடிய ஆய்வு. விடை கிடைத்தால் நாளைக்கே ஒரு திட்டத்தை மாற்றலாம்.

கேள்வி முடிவானதும் ஆய்வுக் குழுவின் முன் அதை நியாயப்படுத்த வேண்டும், அதன்பின் நெறிமுறைக் குழுவின் அனுமதி. பல மாணவர்கள் இதை வெறும் காகித வேலை என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். செய்தது அந்நாட்டின் பொது சுகாதாரத் துறையே. நம் துறை செய்த பாவம் அது. அது வெளியே வந்த பிறகுதான் 1974-இல் ஆய்வுக்கு உட்படும் மனிதர்களைப் பாதுகாக்க அங்கே சட்டம் வந்தது, 1979-இல் அதற்கான நெறிகளைச் சொல்லும் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. ஒப்புதல் படிவம் எழுதும்போது, வாசிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு அதை உரக்கப் படித்துக் காட்டினால் புரியுமா, 'வேண்டாம்' என்று சொன்னாலும் குழந்தைக்கு ஊசி கிடைக்கும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியுமா என்று பாருங்கள். நீங்களே அவருடைய செவிலியர் என்பதால், மறுக்கத் தயங்குவார். சம்மதம் கேட்கும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

மற்றவை வழக்கமானவைதான்: தரவு சேகரிப்பு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. அமெரிக்காவில் சேர்க்கைக்குக் கேட்டுவந்த ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. எதற்கும் நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பதிவேட்டில் நீங்கள் கண்ட சிக்கலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் துறையில் ஆய்வு செய்யும் மூன்று பேராசிரியர்களின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவர்களுக்கு அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். அனுப்பும் முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.