ரம்பத்தோடு தூசு உறிஞ்சியும் தானே ஓட: மரப்பட்டறைக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே நிலை, கதவு, ஜன்னல் செய்யும் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். 3 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் கொண்ட வட்ட ரம்பம், இழைப்பு இயந்திரம், மரத்தில் பள்ளமும் வரியும் குடையும் கை ரூட்டர் ஆகியவை உள்ளன. 2 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டாரில் ஓடும் தூசு உறிஞ்சி பட்டறையின் மறுகோடியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நடந்துபோய்ப் போட வேண்டியிருப்பதால், வேலையாட்கள் அதைப் போடாமலேயே அறுத்துவிடுகிறார்கள். எந்த இயந்திரத்தைப் போட்டாலும் உறிஞ்சி தானாக ஓட வழி உண்டா? 30 ஆம்பியர் தாங்கும் என்று ஒரு சிறிய ரிலே பலகையைக் கடையில் காட்டுகிறார்கள். அது போதுமா?

பதில்: வழி உண்டு. அதற்குச் செலவிடுவதும் தகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுப்பில், மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. மூக்குக் குழியும் அதை ஒட்டிய எலும்பறைகளுமே பெரிதும் பாதிக்கப்படுபவை. தரையில் விழும் தூளைப் பெருக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும் நுண்தூசைத்தான், அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சியாக வேண்டும்.

ஆனால் அந்த ரிலே பலகை வேண்டாம். அதில் எழுதியிருக்கும் 30 ஆம்பியர், பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்குச் சொல்லப்படும் அளவு. உங்கள் உறிஞ்சி ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அந்த வேகத்தில் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால், ரம்பத்தை நிறுத்திய பிறகும் உறிஞ்சி நிற்காது. பையைக் கழற்றக் கை வைத்திருப்பவருக்கு அது ஆபத்து. எனவே உறிஞ்சி மோட்டாரின் மின்சாரம், இயந்திரம் ஓடுவதைக் கண்டறியும் உணர்கருவி வழியாகப் போகவே கூடாது. உணர்கருவி கட்டளை மட்டும் இடட்டும். சுமையை, மோட்டாருக்கென்று ஏ.சி.-3 தரம் குறித்த கான்டாக்டர் என்ற காந்த சுவிட்ச் ஏற்கட்டும். காவிரி டெல்டாவில் இதற்கு அலைய வேண்டியதில்லை. மன்னார்குடியானாலும் மயிலாடுதுறையானாலும், பம்புசெட் சாமான் விற்கும் கடையிலேயே கான்டாக்டரும், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் கிடைக்கும். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியர் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். உறிஞ்சிக்குத் தனி லைனும் தனி எம்.சி.பி.யும் (மின்சாரம் அளவு மீறினால் தானே இறங்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். கான்டாக்டரை இழுக்கும் காந்தச் சுருளான காயிலுக்குரிய மின்சாரத்தையும் அந்த எம்.சி.பி.க்குப் பின்னிருந்தே எடுத்தால், அதை இறக்கியவுடன் பெட்டி முழுவதும் மின்சாரமற்றுப் போகும்.

உணர்கருவியாக, வயரைச் சுற்றிக் கவ்வும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (வயரில் ஓடும் மின்னோட்டத்தை உணரும் வளையம்) பொருத்திய கரன்ட் ரிலே நல்லது. இயந்திரத்தின் வயரிங்கை வெட்டாமலே அதைப் பொருத்திவிடலாம். அதன் வளையத்துக்குள் ஒரே ஒரு ஃபேஸ் வயர் மட்டும் போக வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே நுழைத்தால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் கருவி எதையும் உணராது. ‘கருவி வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் பல இதனால் எழுபவை. மும்முனை ரம்பத்துக்கு மூன்று ஃபேஸில் ஒன்றைக் கவ்வினால் போதும். அறுக்காமல் சும்மா சுற்றும்போதும் இத்தகைய மோட்டார் கணிசமான மின்னோட்டம் எடுக்கும் என்பதால், கருவி தவறாது. ரூட்டரோ சுமையின்றிச் சுற்றும்போது எடுப்பது குறைவு. அதன் ஃபேஸ் வயரை வளையத்துக்குள் மூன்று சுற்று சுற்றினால், கருவிக்கு அது மூன்று மடங்காகத் தெரியும். இயந்திரத்தில் விளக்கு பொருத்தியிருந்தால், அது மட்டும் எரியும்போது உறிஞ்சி கிளம்பாதபடி உணர் எல்லையைச் சற்று மேலே வையுங்கள். இயந்திரத்துக்கு ஒன்றாக மூன்று ரிலேக்களை வைத்து, அவற்றின் முனைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால், எது ஓடினாலும் காயிலுக்குக் கட்டளை போகும்.

அடுத்து, நேர அமைப்பு. இதில்தான் உறிஞ்சி மோட்டாரின் ஆயுள் இருக்கிறது. ரம்பமும் உறிஞ்சியும் ஒரே கணத்தில் கிளம்பினால் மின்னழுத்தம் சரியும். ஆகவே ஓரிரு நொடி தாமதித்து உறிஞ்சி கிளம்பட்டும். நிற்கும்போது, குழாயில் உள்ள தூள் பைக்குப் போய்ச்சேர 10 நொடி போதும் என்று பலர் டைமரை அந்த அளவில் வைக்கிறார்கள். கையில் இழுத்துச் செல்லும் வேக்குவம் கிளீனருக்கு அது பொருந்தும். உங்களுடையதுபோன்ற ஒருமுனை இண்டக்ஷன் மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சுருள் சூடாகிறது, ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரும் அதை விடுவிக்கும் மையவிலக்கு சுவிட்சும் தேய்கின்றன. நிலைக்கால் அறுக்கும் நாளில் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே அளவெடுக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளிதோறும் உறிஞ்சி நின்று கிளம்பினால், மணிக்கு இருபது, முப்பது முறைகூட ஆகிவிடும். அந்த மோட்டாரால் அதைத் தாங்க இயலாது. டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள். வீணாகும் மின்சாரம், மோட்டாருக்குச் சுருள் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். நுண்தூசும் அந்நேரத்தில் ஓரளவு குறையும்.

நம் பகுதிக்கே உரிய அபாயம் ஒன்று இருக்கிறது. வயல் மோட்டாருக்கு, மும்முனை மின்சாரம் வந்ததும் தானே கிளம்ப ‘ஆட்டோ’ பெட்டி பொருத்துவது வழக்கம். அதே பழக்கத்தில் யாரும் அதை ரம்பத்தில் பொருத்திவிட அனுமதிக்காதீர்கள். தானாகக் கிளம்ப வேண்டியது உறிஞ்சி மட்டுமே; அதுவும் ஓர் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே. ரம்பத்தில் சாதாரண சுவிட்ச் இருந்தால், மின்சாரம் போனபோது அணைக்க மறந்து, மின்சாரம் திரும்பி வரும்போது ரம்பத்தின் பல்லருகே கை இருக்கக்கூடும். மின்சாரம் போனால் தானே விடுபட்டு, மீண்டும் கையால் போடும் வரை கிளம்பவிடாத நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரை முதலில் ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் போட்டுவிட்டு, அதன் பிறகு உறிஞ்சி வேலையைத் தொடங்குங்கள். ஆற்றில் தண்ணீர் வருமுன் குறுவை நாற்றங்காலுக்கு ஆழ்துளை மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நாள்களில் கிராமத்து லைனில் மின்னழுத்தம் இறங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 230 வோல்ட் காயில், சுமார் 195 வோல்ட்டுக்குக் கீழே உறுதியாக இழுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கான்டாக்டர் தடதடத்து முனைகள் கருகும். குறைமின்னழுத்தத்தில் துண்டிக்கும் ரிலே ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

பெட்டியின் முகப்பில் ஆட்டோ, ஆஃப், கை இயக்கம் என்ற மூன்று நிலை சுவிட்ச் அவசியம். பை மாற்றும்போது ஆஃப் நிலையில் வைத்து, எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள். குழாய் பி.வி.சி.யாக இருந்தால், நிலைமின்சாரம் சேராதிருக்க, அதனோடு வெற்றுச் செம்புக் கம்பி ஓட்டி எர்த்தில் இணையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துணிப்பை நமுத்து அடைத்துக்கொள்ளும் என்பதால், அம்மாதங்களில் அடிக்கடி உதறுங்கள்.

வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள். அவர் கிளம்புமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: ரம்பமும் உறிஞ்சியும் ஓடும்போது மெயினை இறக்கி, ரம்பம் முற்றிலும் நின்றபின் மீண்டும் ஏற்ற வேண்டும். இரண்டில் எதுவும் தானாகக் கிளம்பக் கூடாது. ஏதேனும் ஒன்று கிளம்பினால், அதைச் சரிசெய்யும் வரை பட்டறையில் வேலை தொடங்க வேண்டாம்.