18 வயதுக்குப் பிறகு என்ன? சிறப்புக் கல்விப் பள்ளி மாணவரின் தாயாருக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆட்டிசமும் மிதமான அறிவுசார் குறைபாடும் உள்ள உங்கள் மகனுக்கு 13 வயது ஆகிறது என்றும், பேச்சில் ஒருசில சொற்களே இருக்கின்றன என்றும், இப்போதைய பள்ளியில் சான்றிதழ் எதுவும் கிடைக்காது என்பதால் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) வழங்கும் திறன் சான்றிதழுக்குத் தயார்படுத்தும் பள்ளி ஒன்றுக்கு மாற்றிவிடும்படி உங்கள் அண்ணன் வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தையும், அடுத்த மாதம் பள்ளி உங்களை அழைத்திருக்கும் கூட்டத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

நம் சிங்கப்பூரில் சிறப்புக் கல்விப் பள்ளிகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. மெட்டா பள்ளி, டெல்டா சீனியர் பள்ளி போன்றவை லேசான அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்களை மனத்தில் கொண்டு பாடத்திட்டம் வகுத்தவை. வழிகாட்டுதல் எழுத்திலோ பேச்சிலோ வந்தால் ஓரளவு தாமாகவே பின்பற்றக்கூடியவர்கள் அங்கே உணவுச் சேவை, தோட்டக்கலை போன்ற துறைகளில் அந்தத் திறன் சான்றிதழுக்குப் பயிற்சி பெறுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான மைண்ட்ஸ் அமைப்பு நடத்தும் பள்ளிகள், ரெயின்போ சென்டர், ஆவா பள்ளி, ஈடன் பள்ளி, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டிசப் பள்ளி ஆகியவை கூடுதல் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்கானவை. அங்கு ஒரு வகுப்பில் பிள்ளைகள் குறைவு. ஆசிரியரோடு உதவியாளரும் இருப்பார். பேச்சு சிகிச்சையாளரும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளரும் பள்ளியிலேயே இருப்பார்கள். உங்கள் மகனுக்கு இன்று வேண்டியது இந்த ஆதரவுதான். சான்றிதழுக்காக அதை விட்டுக்கொடுத்தால், தனக்குப் புரியாத ஒரு வகுப்பறையில் அவன் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பான். அந்தத் தவிப்பு நடத்தையில் வெளிப்படும். இத்தனை ஆண்டுகளில் அவன் கற்றுக்கொண்டவையும் கையைவிட்டுப் போகக்கூடும். தாய்மாமன் என்ற உரிமையோடும் அக்கறையோடும்தான் உங்கள் அண்ணன் பேசுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. அவரையும் அந்தக் கூட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மருமகன் பள்ளியில் என்ன செய்கிறான் என்று அவர் நேரில் பார்க்கட்டும்.

உங்கள் மகனின் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உடையவர்களும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் வர வேண்டும் என்ற மாற்றம் 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த அணியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அவனுடைய கல்வி யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பது என்று நினைக்க வேண்டியதில்லை. அது அவனுக்குச் சட்டப்படி உரியது. ஆகவே பள்ளியிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

கல்வி அமைச்சு 2012இல் வெளியிட்ட சிறப்புக் கல்விப் பாடத்திட்டக் கட்டமைப்பு, வாழ்தல், கற்றல், வேலை செய்தல் என்ற மூன்றையும் முன்வைக்கிறது. இவற்றில் பெற்றோர் கண்ணுக்கு முதலில் படுவது மூன்றாவது. என் அனுபவத்தில் மூன்றாவதைத் தீர்மானிப்பது முதலாவது. 13 வயதை ஒட்டி, தனிநபர் கல்வித் திட்டத்தோடு, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான தனிநபர் மாறுகாலத் திட்டத்தையும் பள்ளி தொடங்கும். அடுத்த மாதக் கூட்டம் அதற்கானதுதான். அங்கே "எந்த வேலை கிடைக்கும்?" என்று கேட்பதைக் காட்டிலும், "எந்தெந்தக் காரியங்களை யாரும் தொடாமல், சொல்லாமல் அவனே செய்கிறான்?" என்று கேளுங்கள்.

பேருந்துப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். நிறுத்தத்தில் நிற்பது, வரும் பேருந்தின் எண்ணைக் கையிலுள்ள அட்டையோடு ஒப்பிடுவது, ஏறியதும் ஈஸி-லிங்க் பயணக் கட்டண அட்டையைத் தட்டுவது, ஓட்டுநரைத் தொடாமல் உள்ளே நகர்வது, இருக்கை இல்லையென்றால் கம்பியைப் பிடித்து நிற்பது, தன் நிறுத்தத்திற்கு முன்னால் மணியை அழுத்துவது, இறங்கும்போது மீண்டும் அட்டையைத் தட்டுவது எனப் பள்ளி இதைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று குறித்து வைக்கும். கையைப் பிடித்துச் செய்ய வைத்தார்களா, விரலால் சுட்டிக்காட்டினார்களா, படத்தைக் காட்டினார்களா, ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தார்களா என்ற நான்கும் நான்கு வெவ்வேறு நிலைகள். உங்கள் மகன் மணியை அழுத்துவதில் கடைசி நிலைக்கு வந்துவிட்டான், அட்டையைத் தட்டுவதில் இன்னும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது என்று ஆசிரியர் சொன்னால், சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகும்போது நீங்களும் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவசரத்தில் அவன் கையிலிருந்து அட்டையை வாங்கி நீங்களே தட்டிவிட்டால், பள்ளியில் ஒரு வாரம் உழைத்தது வீணாகும். வீட்டில் பாட்டியோ இல்லப் பணிப்பெண்ணோ சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாலும் இதேதான். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் 18 வயதில் நேர்காணலுக்கு வரும் வேலைப் பயிற்றுநர், பொத்தானை யார் போட்டார்கள் என்றுதான் பார்ப்பார்.

வேலையிடங்களில் இத்தகைய இளையர்களை வைத்துக்கொள்ளத் தயங்குவதற்குப் பெரும்பாலும் கைத்திறன் குறைவு காரணமாக இருப்பதில்லை. காத்திருக்க முடியாமை, வேலை முடிந்ததும் அடுத்து என்ன என்று தெரியாமல் எழுந்து போய்விடுவது, சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவது, கழிப்பறைக்குத் தனியாகப் போக முடியாமை ஆகியவையே தடையாகின்றன. ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். அவனை இன்னமும் பெண்கள் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சங்கடம் எனக்குத் தெரிகிறது. இதையே இவ்வாண்டின் முதல் இலக்காகத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் ஆண் ஆசிரியர் ஒருவர் பழக்கட்டும், வெளியே அப்பா தொடரட்டும். சான்றிதழைவிட இது அவன் எதிர்காலத்துக்கு அதிகம் உதவும்.

பள்ளியில் ஆங்கிலம் என்பதால் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மீண்டும் தொடங்குங்கள். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடும் உறவினரோடும் அவனை இணைப்பது தமிழ். பள்ளியில் பயன்படுத்தும் அதே பட அட்டைகளின் பிரதியைக் கேட்டு வாங்கி, பின்புறம் "தண்ணீர்", "போதும்", "வலிக்குது" என்று நீங்கள் வீட்டில் சொல்லும் சொல்லையே எழுதிவையுங்கள். படம் ஒன்றாக இருக்கும்வரை அவன் குழம்ப மாட்டான்.

இனி 18 வயதுக்குப் பிறகு உள்ளவற்றுக்கு வருகிறேன். வேலைக்குத் தயாராக இருக்கும் மாணவர்களுக்குப் பள்ளியிலிருந்து வேலைக்கு மாறும் திட்டம் ஒன்று 2014 முதல் நடந்து வருகிறது. பள்ளி முடிந்த பின் ஓராண்டு வரை வேலையிடத்திலேயே பயிற்சி தருவார்கள், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு அதை ஒருங்கிணைக்கிறது. வழக்கமான வேலையிடங்களில் வேலை செய்ய இயலாதவர்களுக்கு மேற்பார்வையோடு கூடிய பணிமனைகள் உள்ளன; பொட்டலமிடுதல், பொருள்களை வகைபிரித்தல் போன்றவற்றை அங்கே தம் வேகத்தில் செய்து ஒரு படித்தொகை பெறலாம். அதைவிடக் கூடுதல் ஆதரவு வேண்டுவோருக்குப் பகல்நேர நடவடிக்கை நிலையங்கள் இருக்கின்றன. உடற்குறையுள்ளோருக்காக 2022இல் வெளியான தேசியத் திட்டமான எனேபலிங் பெருந்திட்டம் 2030, வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. ஆனால் அந்த எண்ணை உங்கள் மகனுக்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய நிலையில் அவனுக்குப் பணிமனையும் பகல்நேர நிலையமும் பொருந்த வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 16, 17 வயதில் பள்ளி மதிப்பீடு செய்யும்போது இது மாறலாம். பகல்நேர நிலையங்களில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், 16 வயதிலேயே பள்ளியின் சமூக ஊழியரிடம் பேசத் தொடங்குங்கள். ரெட்ஹில் பக்கத்திலுள்ள, உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ் வளாகத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வாருங்கள். அங்கு வேலை செய்வோரையும் பயிற்சி பெறுவோரையும் பார்த்தால் அண்ணனுடைய கேள்விகள் பலவற்றுக்கு விடை கிடைக்கும்.

பெற்றோர் பலர் தள்ளிப்போடும் ஒன்றும் இருக்கிறது. உங்கள் மகனுக்கு 21 வயது ஆனதும், அவனுக்காக வங்கியிலோ மருத்துவமனையிலோ முடிவெடுக்கும் சட்ட அதிகாரம் பெற்றோருக்குத் தானாக இருக்காது. மனநல ஆற்றல் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உங்களை அவனுடைய பதிலாளராக நியமிக்க வேண்டும். சிறப்புக் கல்விப் பள்ளிகளின் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்க உதவும் திட்டம் உண்டு. வெளியே வழக்கறிஞரைத் தேடுவதைவிட அது எளிது, செலவும் குறைவு. பணத்தைப் பொறுத்தவரை, "எல்லாவற்றையும் அண்ணன் பெயரில் எழுதிவிடுகிறேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்ற உங்கள் எண்ணத்தைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். அண்ணனின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கும் வயதாகும், அவருக்கும் பிள்ளைகள் உண்டு, நோயோ கடனோ யாருக்கும் வரலாம். 2008இல் தொடங்கப்பட்ட சிறப்புத் தேவையுடையோர் அறக்கட்டளை நிறுவனம், பெற்றோர் விட்டுச்செல்லும் பணத்தைப் பாதுகாத்து, அவர்கள் எழுதிவைத்த பராமரிப்புத் திட்டத்தின்படி பிள்ளைக்குச் செலவிடுகிறது. உங்கள் மத்திய சேமநிதிப் பணம் உங்கள் காலத்துக்குப் பின் மகனுக்கு மாதந்தோறும் போய்ச்சேரும்படி செய்யும் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது. அண்ணனைப் பணத்தின் உரிமையாளராக ஆக்காமல், மகனை அடிக்கடி பார்த்துவரும் தாய்மாமனாக இருக்கவிடுங்கள்.

கூட்டத்திற்குப் போகுமுன் ஒரு தாளில், காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும்வரை மகன் தானாகச் செய்பவற்றை இடப்பக்கமும், நீங்கள் செய்துகொடுப்பவற்றை வலப்பக்கமும் எழுதுங்கள். அவனுக்குப் பிடித்ததையும் எழுத மறக்காதீர்கள். துணி மடிக்கும்போது ஓரங்களைச் சரியாக ஒட்டவைக்கும் வரை விடமாட்டான் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்களே, அது பள்ளிக்குத் தெரியுமா? துணி வெளுக்கும் நிலையங்களிலும் ஹோட்டல் துணிப்பிரிவுகளிலும் அந்தப் பொறுமைக்கு வேலை உண்டு. அந்தத் தாளின் பிரதி ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, அதில் எந்த மூன்று காரியங்களை இந்த ஆண்டுக்குள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். 16 வயது மதிப்பீட்டுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் நாம் தொடர்ந்து பேச முடியும்.