புத்தகம் போட டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62. இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா, அம்மா இருவரும் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அந்த லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாழ்க்கையை 210 பக்க நாவலாக எழுதி முடித்திருக்கிறேன். 500 பிரதி, ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்), பதிப்புரிமைப் பதிவு, ஆன்லைன் விற்பனை, வெளியீட்டு விழா எல்லாம் சேர்த்து ஒரு பதிப்பகம் 1,20,000 ரூபாய் கேட்கிறது. 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். பென்ஷன் வருகிறது. மருத்துவச் செலவுக்கென்று வங்கியில் 6 லட்சம் டெபாசிட் வைத்திருக்கிறேன். அதில் இருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள் டீச்சர். நாவல் கட்டாயம் வரவேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. இந்த வழியில் மட்டும் வேண்டாம்.

1,20,000 ரூபாய்க்கு 500 பிரதி என்றால் ஒன்றுக்கு 240 ரூபாய். புத்தகத்தின் விலை 250 என்று வையுங்கள், 210 பக்கத்துக்கு அதற்கு மேல் வைத்தால் வாங்குகிறவர் யோசிப்பார். கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்டால் உங்கள் கைக்கு வருவது 150. அதாவது கடையில் ஒரு பிரதி விற்கும்போதெல்லாம் உங்களுக்கு 90 ரூபாய் நஷ்டம், 500-ம் கடை வழியாகவே விற்றுத் தீர்ந்தாலும் 45,000 நஷ்டம். முதல் நாவலுக்கு 500 பிரதி விற்பது சாதாரண விஷயமும் இல்லை. விற்காத கட்டுகள் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் கோத்தகிரி வீட்டுக்குள் காகிதம் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பூசணம் பிடித்த புத்தகத்தை இலவசமாகக்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

அவர்கள் பட்டியலில் இருக்கும் சில விஷயங்களுக்குப் பணமே தேவையில்லை. ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமை நீங்கள் எழுதிய அன்றே உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை, செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். மின்னூலாக அமேசான் கிண்டிலில் ஏற்றவும் கட்டணம் கிடையாது, தமிழை ஏற்றுக்கொள்கிறார்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பணம் கேட்கிற பதிப்பகம் உங்கள் கதையை நம்பி முதல் போடவில்லை. அவர்களுடைய லாபம் நீங்கள் செக் எழுதும்போதே வந்துவிடுகிறது, அப்புறம் புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? இதைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் பணம் கேட்காத பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். மலையக இலக்கியம், தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை, வரலாறு என்று புத்தகம் போடுகிறவர்களாகத் தேடி, ஒரு பக்கச் சுருக்கமும் இரண்டு அத்தியாயமும் அனுப்பிவிட்டு ஆறு மாதம் பொறுங்கள். ராயல்டி பெரும்பாலும் புத்தக விலையில் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் உங்கள் டெபாசிட் அப்படியே இருக்கும். தமிழ் வளர்ச்சித் துறையில் நூல் வெளியிட நிதியுதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஒப்பந்தம் யாருடன் போட்டாலும் எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடு என்று எழுதி வாங்குங்கள். சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்று எடுத்துக்கொள்ளப்படும். 'எல்லா உரிமைகளும்' என்ற வார்த்தை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பும் ஒலிநூலும் உங்களிடமே இருக்கட்டும்.

யாரும் எடுக்கவில்லை என்றால் நீங்களே போடுங்கள், ஆனால் ஒரு வரம்போடு. டெபாசிட்டின் ஒரு வருட வட்டிக்கு மேல் இந்த நாவலுக்குச் செலவு செய்யக்கூடாது. 7 சதவீதம் என்று வைத்தால் 42,000 ரூபாய், அசலைத் தொடவே வேண்டாம். அதில் பெரிய பங்கு எடிட்டருக்கும் பிழை திருத்துபவருக்கும் போகட்டும், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். டிஜிட்டல் அச்சில் 100 பிரதி போதும், மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள். பிரதிக்கு 120 ரூபாய் ஆனாலும் 12,000தான். இதை முன்வெளியீட்டுத் திட்டத்திலேயே எடுத்துவிடலாம்: 250 ரூபாய்ப் புத்தகம் முன்பதிவு செய்பவர்களுக்கு 200, அறுபது பேர் சேர்ந்தால் அச்சுச் செலவு வந்துவிட்டது. அறுபது பேர் சேரவில்லை என்றால் அச்சிடுவதைத் தள்ளிப்போடுங்கள். நீங்களே பதிப்பாளர் என்றால், வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்கும் எடுத்து வையுங்கள்.

அந்த அறுபது பேர் யார்? உங்களுடன் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோவை, வெளிநாடு என்று பரவி இருக்கிறார்கள், இலங்கை மலையகத்தில் இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். உங்களிடம் படித்த மாணவர்கள் வேறு. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அத்தியாயத்தைப் போடுங்கள், கிடைத்தால் லயத்தின் பழைய போட்டோ ஒன்றும். ஊட்டியில் ஹால் எடுத்து விழா நடத்தும் பணத்துக்கு இன்னொரு 100 பிரதி அச்சிடலாம், கிளை நூலக வாசகர் வட்டத்தில் வெளியிட்டாலே போதும். தோட்டத்தில் போனஸ் கிடைக்கும் தீபாவளி சமயம் பார்த்து வெளியிடுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவிலும் ஜூலையில் கோவை கொடிசியாவில் நடப்பதிலும் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் உண்டா என்று விசாரியுங்கள். நேரில் விற்றால் பிரதிக்கு 130 ரூபாய் நிற்கும், கடையில் கொடுத்தால் 30தான்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பதிப்பகம் தரும் ராயல்டிக்குப் பழைய வரிமுறையில் 3 லட்சம் வரை கழிவு கேட்கலாம், புதிய முறையில் கிடையாது. நீங்களே விற்றால் வரும் லாபத்தைக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

கொடுத்த 5,000 ரூபாயைத் திருப்பித் தரச்சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள், உங்கள் கோப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள். பணம் வராமல் போனாலும் சரி, மீதி 1,15,000-ஐ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.