ஆணுறை பற்றித் துணையிடம் எப்படிப் பேசுவது?

ஆணுறை என்றதும், "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று துணை கேட்டுவிடுவாரோ என்று தயங்குகிறீர்கள். உடையோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள். ஆசை மேலோங்கிய நேரத்தில் யாருக்கும் காது கேட்பதில்லை. கிளமிடியா போன்ற, உடலுறவால் பரவும் தொற்றுகள் பெரும்பாலும் அறிகுறி காட்டாது, இருப்பவருக்கே தெரியாது. இதில் நடத்தையைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது? "இருவருமே பரிசோதித்துக்கொள்வோம், அதுவரை ஆணுறை" என்று உங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். எனவே ஒரே சோதனையை நம்பி உறையைக் கைவிட வேண்டாம்.

"சுகம் குறையும்" என்பார். பல நேரம் அளவு பொருந்தாததே காரணம். நீர் சார்ந்த மசகும் உதவும். எண்ணெய் மட்டும் கூடாது, உறையின் லேடெக்ஸ் ரப்பர் வலுவிழந்து கிழியும்.

எல்லாம் கேட்டும் மறுத்தால் உடலுறவை மறுக்கும் முழு உரிமை உங்களுக்கு உண்டு. சம்மதித்துவிட்டு இடையில் ரகசியமாகக் கழற்றுபவரோடு பேச்சுவார்த்தையே தேவையில்லை என்பேன்.