“வெறும் அலங்காரம்தான்” என்று சொல்லும் கேம் கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஆறேழு வருடமாக மாதச் சந்தா கட்டி ஒரே எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி.யை (இணையத்தில் ஏராளமானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் கேமை) ஆடிவருகிறோம். இப்போது எங்கள் கில்ட் (கேமுக்குள் சேர்ந்து ஆடும் குழு) மொத்தமும் விரைவில் வரப்போகும் ஓர் இலவச கேமுக்கு மாறுகிறது. “கடையில் ஸ்கின்னும் மவுண்டும் மட்டும்தான், பே டு வின் கிடையாது” என்கிறார் கில்ட் தலைவர்; அதாவது தோற்றத்தை மாற்றும் உடைகளும் சவாரி விலங்குகளும் மட்டும்தான், காசு கொடுத்து வலிமையை வாங்க முடியாதாம். வெளியீட்டுக்கு முன்பே எல்லோரும் ஃபவுண்டர் பேக் (முன்கூட்டியே விற்கும் சலுகைத் தொகுப்பு) வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். நம்பலாமா? காசு போடுவதென்றால் எதைச் சோதித்துப் போடுவது?

பதில்: முடிந்தவரை, வெளியாவதற்கு முன்பு எதையும் வாங்காதீர்கள். இலவச கேம்தானே, ஒரு மாதம் ஆடிப் பார்க்க உங்களுக்குச் செலவே இல்லை. அந்த ஒரு மாதத்தில் கடையை எப்படி எடைபோடுவது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அலங்காரப் பொருள் ஆட்டத்தைத் தொடாது என்ற வாதம் துப்பாக்கிச் சண்டை கேம்களில் ஓரளவு செல்லும். ஆர்.பி.ஜி.யில், அதாவது கதாபாத்திரத்தை வளர்த்து ஆடும் கேமில், செல்லாது. இங்கே தோற்றமே சம்பாத்தியம். ஒரு ரெய்டில் (பலர் சேர்ந்து போகும் கடினமான சண்டையில்) வாரக்கணக்கில் செத்துச் செத்து எழுந்து பாஸ் எனும் கடைசிப் பெரிய எதிரியை வீழ்த்தியவர், தோளில் நெருப்பு எரியும் கவசத்தோடு நகரச் சதுக்கத்தில் வந்து நிற்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஓடிவந்து, “அண்ணா, இது எங்கே விழும்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில்தான் அடுத்த ஆறு மாதத்துக்கான ஆசை அவருக்குள் விழுகிறது. பதில் “கடையில், 20 டாலர்” என்று வந்துவிட்டால் அந்த ஆசை அங்கேயே முடிந்துவிடும். தாக்கும் வலிமை ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் ஆடுவதற்கான ஒரு காரணம் போய்விட்டது.

அதனால் கடைக்கு என்ன வந்தது என்பதைவிட, ஆட்டத்துக்குள்ளிருந்து என்ன காணாமல் போனது என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் எத்தனை புது உடைகளும் மவுண்டுகளும் டஞ்சன் (சிறு குழுவாகப் போகும் நிலவறை), ரெய்டு, கைத்தொழில், சாதனைகள் வழியாகக் கிடைக்கின்றன, எத்தனை கடையில் மட்டும் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். ஆடிக் கிடைக்கும் கவசங்களெல்லாம் பழையதற்கு நிறம் மாற்றியவையாகவும், புதிதாக வடிவமைத்து அசைவும் ஒளியும் சேர்த்தவை முழுக்கக் கடையிலும் இருந்தால், கலைஞர்களின் உழைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். வேறு எந்தச் சோதனையையும் விட நான் இதைத்தான் நம்புகிறேன்.

கேம் உங்களுக்குப் புதிதென்றாலும் வேறு நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். பிளாக் டெசர்ட் கொரியாவில் ஆடப்பட்ட பிறகுதான் 2016 மார்ச்சில் வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்தது. லாஸ்ட் ஆர்க்கும் கொரியாவில் பல வருடம் ஓடிவிட்டு 2022 பிப்ரவரியில்தான் மேற்கே வந்தது. உங்கள் கேம் அப்படிப்பட்டதென்றால் அங்குள்ள கடையின் படங்களையும் காணொளிகளையும் தேடிப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, விலைப்பட்டியல் புரியும்.

சந்தா கட்டுகிற கேமில் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 14.99 டாலர் மாதச் சந்தாவுக்கு மேலாக, 2010 ஏப்ரலில் செலஸ்டியல் ஸ்டீட் என்ற மின்னும் குதிரை 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உங்கள் சவாரித் திறன் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் வேகம். அப்படியிருந்தும் வரிசையில் காத்திருந்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் டிரான்ஸ்மாக் (ஒரு கவசத்துக்கு இன்னொன்றின் தோற்றத்தைத் தரும் வசதி) வந்ததும் கவசத்தின் வலிமை வேறு, தோற்றம் வேறு என்று பிரிந்தது. ஆடுபவர்களுக்கு அது பெரிய சந்தோஷம், எனக்கும்தான். தோற்றத்தைத் தனியாக விற்கும் கடைகளுக்கும் அதனால் வழி எளிதானது.

இனி உங்கள் தலைவர் சொல்லும் “பே டு வின் கிடையாது” என்பதைப் பார்ப்போம். அலங்காரத்துக்கும் அனுகூலத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான காசு அங்கேதான் போகிறது. பிளாக் டெசர்ட்டில் கடையில் வாங்கும் செல்லப்பிராணி பார்க்க அழகு, ஆனால் நீங்கள் அடித்து வீழ்த்தியதிலிருந்து விழும் பொருளை அதுவே பொறுக்கித் தரும். மணிக்கணக்கில் அரக்கர்களை அடிக்கும் கேமில் அது கூடுதல் வருமானம். அதே கேமின் கில்லி சூட் என்ற இலைதழை மறைப்பு உடை தலைக்கு மேலே தெரியும் பெயரை மறைத்தது. ஆளை ஆள் கொல்லும் இடத்தில் பெயர் தெரியாமல் புதருக்குள் நிற்பது அலங்காரமா? பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கேம் நேர்மையான கடை என்று பெயர் வாங்கியது, நானும் அதை மதிக்கிறேன்; ஆனால் பொருள் வைக்கும் கூடுதல் ஸ்டாஷ் டேப் இல்லாமல் அங்கே வியாபாரம் செய்வது கஷ்டம் என்பது தீவிரமாக ஆடிய எவருக்கும் தெரியும்.

இந்த எல்லை எவ்வளவு தூரம் நகர முடியும் என்பதற்கு ஒரு மவுண்டின் கதை போதும். வார்கிராஃப்டில் 2018-ல் ஒரு ராட்சத டைனோசர் மவுண்ட் வந்தது, பெயர் புருடோசர். முதுகில் ஏலக் கடையோடு (ஆடுபவர்கள் தங்களுக்குள் பொருட்களை வாங்கி விற்கும் இடம்) நடக்கும். விலை 50 லட்சம் கேம் தங்கம், ஆடிச் சேர்த்தே வாங்க வேண்டும். அடுத்த விரிவாக்கத்தோடு விற்பனையாளரிடமிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிறகு 2024-ல், கேமின் 20-ஆம் ஆண்டையொட்டி, ஏலக் கடையும் அஞ்சல் பெட்டியும் சேர்ந்த புதிய புருடோசர் கடைக்கு வந்தது, 90 டாலருக்கு. எங்கிருந்தாலும் ஏலக் கடையைத் திறக்க முடிவது சந்தையில் வியாபாரம் செய்பவருக்கு நிஜமான லாபம். ஆகவே கடையில் ஒவ்வொரு பொருளையும் பார்த்து, “இது இல்லாதவரைவிட இது உள்ளவருக்கு ஒரு மணி நேர ஆட்டத்தில் எதாவது அதிகம் கிடைக்கிறதா?” என்று கேளுங்கள். செல்லப்பிராணி, பை இடம், எடை வரம்பு, பயண வசதி, எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கூட்டும் உடை ஆகிய ஐந்தையும் கட்டாயம் பாருங்கள்.

அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. கடைப் பொருளைக் கேம் தங்கத்துக்கு மாற்ற முடியுமா? முடியுமென்றால் நிஜக் காசு கேமின் பொருளாதாரத்துக்குள் நுழைந்துவிட்டது. பிளாக் டெசர்ட் மேற்கே வந்த ஆண்டிலேயே கடை உடைகளைச் சந்தையில் விற்கலாம் என்று மாற்றியதும் பெரிய கூச்சல் எழுந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் இதே வழி நல்லதும் செய்கிறது. கில்ட் வார்ஸ் 2-ல் கேம் தங்கத்தைக் கொடுத்துக் கடை நாணயமான ஜெம் வாங்கலாம். கையில் காசில்லாத மாணவரும் ஆடிச் சேர்த்து அதே ஸ்கின்னை வாங்குகிறார். வார்கிராஃப்ட் டோக்கன் 2015-லிருந்து இருக்கிறது: ஒருவர் 20 டாலருக்கு வாங்கித் தங்கத்துக்கு விற்கிறார், தங்கம் கொடுப்பவருக்கு 30 நாள் ஆட்டம் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். தங்கத்தைக் கொண்டு கேமின் உச்சக் கவசங்களை வாங்க முடியாதவரை பாதிப்பு சிறியது. வாங்க முடிந்தால், விளம்பரம் என்ன சொன்னாலும் அது பே டு வின்தான்.

அடுத்தது விலை. கடைகள் நேரடியாக டாலரில் விலை போடாமல் ஜெம், பேர்ல், கிரிஸ்டல் என்று நடுவே ஒரு நாணயத்தை வைக்கின்றன. கில்ட் வார்ஸ் 2-ல் 800 ஜெம் 10 டாலர். அதாவது ஒரு ஜெம் ஒன்றேகால் சென்ட். 2000 ஜெம் விலையுள்ள ஒரு மவுண்ட் ஸ்கின் என்றால் 25 டாலர். ஆளுக்கொரு காகிதத்தில் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; “ஐந்நூறு கிரிஸ்டல்தானே” என்று கை தானாக அழுத்தும் பழக்கம் நின்றுவிடும். நாணயம் எந்தெந்தத் தொகுப்பாக விற்கப்படுகிறது என்பதும் முக்கியம். பொருளின் விலைக்குச் சரியாக எந்தத் தொகுப்பும் பொருந்தவில்லை, எப்போதும் கொஞ்சம் மீந்துபோகிறது என்றால் அது தற்செயல் அல்ல. அந்த மீதியை வீணாக்க மனமில்லாமல் அடுத்த தொகுப்பை வாங்குவீர்கள் என்பதே திட்டம்.

அரசுகளும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. குழந்தைகள் அதிகம் ஆடும் ஸ்டார் ஸ்டேபிள் ஆன்லைன் என்ற குதிரை இணைய கேம் தொடர்பான நடவடிக்கையோடு, 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நுகர்வோர் அமைப்புகள் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. கேம் நாணயத்தில் விலை போட்டால் நிஜப் பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும், தேவையில்லாத நாணயத்தைக் கட்டாயமாக வாங்கவைக்கக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. உங்கள் கேம் நிஜப் பணத்தில் விலை காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அந்த நிறுவனத்துக்கு என் கணக்கில் ஒரு மதிப்பெண் கூடுதல்.

குலுக்கல் முறையில் எதையும் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2017 நவம்பரில் கில்ட் வார்ஸ் 2 முப்பது மவுண்ட் ஸ்கின்களை ஒரே குலுக்கலில் வைத்தது. ஒரு தடவைக்கு 400 ஜெம், 5 டாலர். வந்தது திரும்ப வராது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது முப்பதில் ஒரே ஒரு ஸ்கின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாகப் பதினைந்து, பதினாறு தடவை இழுத்தால்தான் கிடைக்கும். 77 டாலருக்கு மேல். துரதிர்ஷ்டம் என்றால் முப்பதும். கூச்சல் எழுந்த பின் நிறுவனம், இனிமேல் தனித்தனியாக விற்பதில் கவனம் செலுத்துவதாகச் சொன்னது. ஆடுபவர்கள் சேர்ந்து பேசினால் நிறுவனங்கள் கேட்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று. 2011-ல் ஈவ் ஆன்லைன் என்ற விண்கலக் கேமில் 60 டாலருக்கு மேல் விலையுள்ள ஒற்றைக்கண் கண்ணாடி வந்தபோது ஜிட்டா என்ற வணிக மையத்தில் கப்பல்களோடு திரண்டு சிலையைச் சுட்டு எதிர்த்தவர்களும் சாதித்துக் காட்டினார்கள்.

குலுக்கலில் எது வர எவ்வளவு வாய்ப்பு என்ற நிகழ்தகவைப் போட்டிருக்கிறார்களே, பரவாயில்லையா என்று கேட்கலாம். சீனா 2017-லிருந்தும் தென்கொரியா 2024 மார்ச்சிலிருந்தும் நிகழ்தகவை வெளியிடச் சொல்கின்றன. அந்தக் கட்டாயத்துக்கு அவசியம் இருந்தது. மேப்பிள்ஸ்டோரியில் காசு கொடுத்து வாங்கி, ஆயுதம் கவசங்களின் கூடுதல் திறன்களைக் குலுக்கி மாற்றும் கியூப்களின் நிகழ்தகவைச் சொல்லாமல் மாற்றியதற்காக 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்குக் கொரிய வணிகக் கண்காணிப்பு ஆணையம் 1160 கோடி வோன் அபராதம் விதித்தது. சில சேர்க்கைகள் வரவே வராதபடி அமைக்கப்பட்டிருந்தன; ஆடியவர்களுக்கு அது தெரியாது. பெல்ஜியம் 2018-லேயே லூட் பாக்ஸை (காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டியை) சூதாட்டம் என்று அறிவித்தது. லாஸ்ட் ஆர்க் அங்கே வெளியாகவே இல்லை.

வாங்கும் முன் காலக்கெடுவையும் படியுங்கள். மேப்பிள்ஸ்டோரியில் பல கடை உடைகள் 90 நாளில் மறைந்துவிடும். நிரந்தரம் என்று போட்டிருந்தாலும் சர்வர் இருக்கும்வரைதான் நிரந்தரம். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரிலும், வைல்ட்ஸ்டார் 2018 நவம்பரிலும் மூடப்பட்டபோது வாங்கியவை எல்லாம் கூடவே போயின. ஆகவே கடைக்குப் போடும் காசை வாடகைக் கணக்கில் எழுதுங்கள். நீங்கள் ஏற்கெனவே மாதச் சந்தா கட்டிப் பழகியவர். அதே தொகையை உச்சவரம்பாக வைத்துக்கொள்வதே உங்களுக்கு எளிது. அந்த மாதம் பிடித்த பொருள் எதுவும் வரவில்லையென்றால் செலவழிக்காமல் விடுங்கள். “இன்னும் 2 நாள்” என்று கடிகாரம் ஓடினாலும் அவசரப்படாதீர்கள். இந்த வகைப் பொருட்கள் அடுத்த விழாவில் திரும்ப வருவது சகஜம்.

கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்வருக்கும் ஊழியருக்கும் யாரோ காசு கொடுத்தாக வேண்டும். ஒரு மாதம் ஆடிப் பார்த்து, கேம் பிடித்திருந்து, கடையும் மேற்சொன்ன சோதனைகளில் தேறினால் தயங்காமல் ஒரு ஸ்கின் வாங்குங்கள். நல்ல கடைக்குப் போகும் காசு நல்ல கேம்களை உயிரோடு வைக்கிறது.

கில்ட் தலைவரிடம் நேராகப் பேசுங்கள். வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், ஃபவுண்டர் பேக் வாங்கியவர்தான் உண்மையான உறுப்பினர் என்ற எண்ணம் ஒரு கில்டுக்குள் சீக்கிரம் பரவும். காசு போட முடியாதவர் மெல்ல ஒதுங்கிவிடுவார். பேக்கில் முன்கூட்டியே நுழையும் உரிமை இருந்தால், மூன்று நாள் முன்னால் போனவர்கள் நிலத்தையும் அரிய வளங்களையும் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியுமென்றால் முதல் நாளே அது அனுகூலம்தான், அலங்காரமல்ல. முடியாதென்றால் மூன்று நாள் பொறுத்துச் சேர்வதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

எல்லாம் கேட்டும் வாங்குவது என்று முடிவானால், பணம் திரும்பக் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் முன்பதிவு செய்தவற்றை வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். வெளியான பின் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பலாம். ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து, முன்கூட்டியே நுழைந்து ஆடும் நேரமும் அந்த 2 மணிக் கணக்கில் சேர்கிறது. கதாபாத்திரத்தின் மூக்கையும் முடியையும் செதுக்குவதிலேயே அது கரைந்துவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் நேராகக் கடையைத் திறந்து பார்த்துவிடுங்கள்.