பாலைவனப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கட்டினால் கூடாரம் அடித்துத் தங்கலாமா?

அது மட்டும் போதாது, பெரும்பாலான இடங்களில் தங்குவதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி போன்ற பாலைவனப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் என்பது உள்ளே போவதற்கான அனுமதி மட்டுமே. காருக்கு 30 டாலர். ஆளுக்கு அல்ல, காருக்கு! அதே சீட்டில் 7 நாட்கள் போய் வரலாம்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களில் நீராடச் சீட்டு வாங்குகிறோம். அந்தச் சீட்டை நீட்டி லாட்ஜில் அறை கேட்டால் கொடுப்பார்களா? அதே கதைதான்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? ஒரே சாலையில் நிறைய கார்கள் போய் வரலாம், கூடாரம் போடும் இடங்களோ எண்ணிக்கையில் குறைவு. ஓர் இடத்தை ஒரு குடும்பம் பிடித்தால் அன்று இரவு வேறு யாருக்கும் கிடையாது. அதனால் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். குளிர்காலத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் திண்டாட்டம்தான். கோடையில் கூட்டம் குறைவு, ஆனால் அந்த வெயிலுக்கு நம்ம ஊர் சித்திரை எவ்வளவோ தேவலை.

வருட பாஸ் இருந்தால் எல்லாம் அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நுழைவுக்கு மட்டும்தான், கட்டணம் உள்ள இடங்களில் இரவு தங்க அந்த பாஸ் வைத்திருப்பவரும் பணம் கட்டியே ஆக வேண்டும்.